பாட்டி வீட்டுப் பத்தாயம், ஆச்சி கொடுத்த பெட்டி: வாசகர் கேள்வி – பதில்

பழைய மரச்சாமான்களைப் பழுது பார்ப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தோம். களியக்காவிளையிலிருந்து வாளையார் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, எட்டுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் ஊஞ்சல் பலகை தேக்கு. நீளம் ஐந்தரை அடி, அகலம் 2 அடி, கனம் ஒன்றரை அங்குலம். இரண்டு பலகை சேர்த்துச் செய்தது. மாமனாரின் தாயாருக்குச் சீராக வந்ததாம். திருச்சூர்ப் பக்கம் இருந்ததை 6 வருஷத்துக்கு முன் இங்கே கொண்டுவந்தோம். போன தை மாசம் நடு மூட்டு விட்டுப்போய், ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது. ஒரு முனையில் தனியாக ஒரு சாண் விரிசலும் இருக்கிறது. அடியில் ஏற்கெனவே 2 இரும்புப் பட்டை உண்டு. மரத்தூளில் ஃபெவிக்கால் குழைத்து அடைத்து, இன்னும் 2 பட்டை அடித்துவிடலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம். பலகையைக் கிழித்ததே அந்தப் பட்டைகள்தான்.

மரம் நீளவாக்கில் அசைவதில்லை என்றே சொல்லலாம். குறுக்குவாக்கில்தான் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். 2 அடி அகலத் தேக்குப் பலகை, நல்ல மழைக்காலத்துக்கும் கடும் வறட்சிக்கும் நடுவே 4 முதல் 6 மி.மீ. வரை அகலம் மாறக்கூடியது. திருச்சூரின் ஈரக்காற்றில் இருந்த பலகை அது. உங்கள் ஊரிலோ மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து அடிக்கிற காற்று துணியையே அரை மணியில் காய வைத்துவிடும். பலகை சுருங்கப் பார்த்திருக்கிறது. இரண்டு ஓரத்தையும் பட்டையின் திருகாணி விடாமல் பிடித்திருக்கிறது. இழுபறியில் எங்கே பலவீனமோ அங்கே விட்டுவிட்டது. இன்னும் 2 பட்டை போட்டால் அடுத்த தையில் வேறு இடத்தில் விடும்.

தூளும் பசையும் குழைத்து அடைப்பதில் இன்னொரு சங்கடம். வறண்ட காலத்தில் இடைவெளியை நிரப்பிவிட்டால், ஆனி ஆடியில் பலகை உப்பும்போது அதற்குப் போக இடம் இருக்காது. ஓரம் நசுங்கும், அல்லது பலகை வளையும். பாலிஷ் போட்டபின் அந்தக் கோடு கறுப்பாகத் தனியே தெரிவது வேறு.

செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். முதலில் பட்டைகளைக் கழற்றுங்கள். பலகையைச் சங்கிலியிலிருந்து இறக்கி, சம உயரமுள்ள 2 சட்டத்தின் மேல், வெயில் படாத அறையில் 3 வாரம் சும்மா கிடக்க விடுங்கள். பிடி விட்டதுமே சில பலகைகளில் இடைவெளி பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்து, விட்டது மூட்டா, மரமா என்று பாருங்கள். கோடு நேராக ஓடினால் மூட்டு. ரேகையோடு வளைந்து நெளிந்தால் மரமே பிளந்திருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நடுவில் இருப்பது மூட்டு, முனையில் இருப்பது விரிசல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மூட்டைப் பாதியில் விடாமல் முழுக்கப் பிரியுங்கள். உள்ளே பழுப்பாக, கண்ணாடிச் சில்லு போல உடைகிற பசை இருந்தால் அது வச்சிரம், மாட்டுத்தோல், எலும்பு காய்ச்சி எடுக்கும் பசை. கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை 10 நிமிஷம் அதன்மேல் போட்டு வைத்தால் இளகும், மொண்ணைத் தகட்டால் வழித்துவிடலாம். வெள்ளைப் பசையாக இருந்தால் சூடாக்கிய வினிகர் உதவும். பழைய பசையின் மேல் புதுப்பசை ஒட்டாது, இதில் சோம்பல் படக்கூடாது. அதற்காக ஓரத்தை இழைப்புளி போட்டு இழைக்கவும் விடாதீர்கள். மேலே பூவேலை இருந்தால், ஒன்றிரண்டு மி.மீ. போனாலும் அதன் கோடு சேராது.

2, 3 நாள் காயவிட்டு, பசை இல்லாமல் ஒரு தரம் சேர்த்துக் கிளாம்ப் போட்டுப் பாருங்கள். கை அழுத்தத்தில், அல்லது லேசான முறுக்கில் மூட்டு சேர வேண்டும். பலங்கொண்ட மட்டும் திருகினால்தான் சேருகிறது என்றால் பசை தடவாதீர்கள். அந்த மூட்டு திரும்பவும் விடும். அப்போது மட்டும் ஓரங்களை ஆசாரி நேர் பார்க்க வேண்டும்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முகங்களை அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, அது ஆவியானவுடனே ஒட்டிவிட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும். தண்ணீர் தாங்கும் வகை வெள்ளைப் பசை போதும். இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவ 25, 30 கிராமுக்கு மேல் ஆகாது. 10 அங்குலத்துக்கு ஒன்றாக 7 கிளாம்ப். ஒன்று மேலே என்றால் அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் பலகை வில்லாக வளையும். கிளாம்ப் இல்லாவிட்டால் பழைய முறை இருக்கவே இருக்கிறது: கீழே 4 சட்டம், பலகையின் இரு ஓரத்திலும் முட்டுக்கட்டை, இடையில் ஜோடி ஆப்பு, சுத்தியால் இரு பக்கமும் சமமாகத் தட்டு.

பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். அது மரத்தின் நுண்துளைக்குள் இறங்கி, அங்கே பாலிஷ் பிடிக்காமல் வெளிறிப்போகும். அரை மணி கழித்து ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் வழித்தெடுங்கள். 24 மணி நேரம் கிளாம்ப் இருக்கட்டும். ஒரு வாரம் பாரம் ஏற்றாதீர்கள்.

முனை விரிசலுக்கு உடுக்கை வடிவில் ஒரு தேக்குத் துண்டைப் பதிக்கலாம். இடுப்பு விரிசலின் மேல் இருக்க, துண்டின் ரேகை விரிசலுக்குக் குறுக்கே ஓட வேண்டும். ஆழம் பலகைக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. விரிசலை மூட வேண்டாம், மேலே ஓடாமல் பிடித்தால் போதும்.

இரும்புப் பட்டைக்குப் பதில் 3 அங்குல அகலத்தில் 2 தேக்குக் குறுக்குச் சட்டம் கொடுங்கள், பசை போடாமல். நடுத் திருகாணி ஒன்று மட்டும் இறுக்கமான வட்டத்துளையில். மற்றவை, 5 மி.மீ. ஆணிக்குப் பலகையின் அகலவாக்கில் 10, 12 மி.மீ. நீண்ட துளையில், வாஷரோடு. மரம் அசையும், சட்டம் பிடிக்கும், சண்டை வராது.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. விரிசல் சங்கிலிக் கொக்கியின் துளையைத் தொட்டிருந்தால், ஒட்டிய பிறகும் அதில் ஆள் உட்காரக்கூடாது. அந்த முனையில் புதுத் துண்டு சேர்த்து, புது இடத்தில் துளை போட வேண்டும். எப்படியிருந்தாலும் முதலில் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் தொங்கவிட்டு, உட்காரப் போகிறவர்களின் எடைக்கு இரு மடங்கு மணல் மூட்டையை ஒரு ராத்திரி ஏற்றி வைத்துப் பாருங்கள். குழந்தைகள் அதன் பிறகு ஏறட்டும்.

கேள்வி: அயினித் தடியில் (அயினி மரத்தில்) செய்த பத்தாயம். 10 பறை (நெல் அளக்கும் மரப்படி) நெல் பிடிக்கும். பின்பலகையில் ஊசித்துளைகள், கீழே மாவு போல் தூள். நாலு காலும் அடியில் மக்கிப்போச்சு. முன்பலகையில் ‘1099’ என்று வெட்டியிருக்கு. அத்தனை பழசா இருக்குமா? மண்ணெண்ணெய் ஊற்றினால் போதும் என்கிறார்கள்.
– வாசகர், குழித்துறை

பதில்: அது மலையாளக் கரையில் வழங்கும் கொல்லம் ஆண்டு. கி.பி. என்று எடுத்துக்கொண்டால் முதலாம் குலோத்துங்கன் காலத்துக்கே போய்விடுவீர்கள்! கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்ட வேண்டும். ஆக உங்கள் பத்தாயம் 1923 ஆகஸ்டுக்கும் 1924 ஆகஸ்டுக்கும் நடுவே செய்தது. அந்த ஆண்டின் கடைசியில்தான், 1924 ஜூலையில், மலையாளக் கரை முழுக்கப் பெருவெள்ளம் வந்தது. ‘தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்’ என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். பாலிஷ்காரர் அந்தப் பலகையில் உப்புத்தாள் மெஷினை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷத்தில் எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும்.

இனி உளுப்பு. துளை ஒன்றிரண்டு மி.மீ., தூள் டால்கம் பவுடர் மாதிரி நைசாக என்றால் உளுவண்டு. அது வெள்ளைத்தடியில், அதாவது மரத்தின் வெளிர் நிற வெளிப்பகுதியில், உள்ள மாவுச்சத்தைத் தின்ன வருவது. காதலை, அதாவது நடுவில் உள்ள வைரம் பாய்ந்த பகுதியை, அநேகமாகத் தொடாது. பின்பலகைக்கு ஆசாரி வெள்ளை கலந்த பலகையைப் போட்டிருக்கிறார், சுவரோரம்தானே என்று. மண் குழாய் கட்டியிருந்தால் மட்டும் அது சிதல் (கரையான்). அது தரையிலிருந்து வருவது, அதற்குத் தரையில் மருந்து வைக்க வேண்டும்.

வண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். துளைகளைத் தூரிகையால் சுத்தமாகத் தட்டிவிட்டு, கீழே கறுப்புத் தாள் விரித்து 3 வாரம் விடுங்கள். வெளிர் நிறத்தில் புதுத்தூள் குவிந்தால் உயிரோடு இருக்கிறது. ஒன்றும் விழாவிட்டால் எப்போதோ தின்றுவிட்டுப் போனது, மருந்தே வேண்டாம். ஆனால் இடம் மாற்றித் தட்டும்போது பழைய தூளும் கொட்டும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மண்ணெண்ணெய் மேல்துளையில் இருப்பதைக் கொல்லும், ஆழத்தில் இருக்கும் புழுவைத் தொடாது. நாற்றம் மாசக்கணக்கில் போகாது, நெல்லிலும் ஏறும். தீ பயம் வேறு. அதைவிட வெண்காரம் நல்லது. 1 லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரமும் 40 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, சூடு இருக்கும்போதே தூரிகையால் தடவுங்கள். ஒரு நாள் இடைவெளியில் 2, 3 தரம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தையும் கோழியும் பக்கத்தில் வேண்டாம். இது வெறும் மரத்தில்தான் இறங்கும். பாலிஷோ பெயிண்டோ இருந்தால் அந்த இடத்தில் அதை எடுத்துவிட்டுத்தான் தடவ வேண்டும். வெளிப்புறம் மட்டும் தடவுங்கள். மறுபடியும் நெல்லோ அரிசியோ போடப்போகிற பத்தாயமானால் உள்ளே எந்த மருந்தும் கூடாது. பின்பலகை கையால் அழுத்தினால் உள்வாங்குகிறது என்றால் மருந்தை மறந்துவிட்டு, காதல் உள்ள அயினிப் பலகை ஒன்றை அங்கே மாற்றுவதே சரி.

கால்களுக்கு வருவோம். மக்கியதற்குக் காரணம் சிமென்ட் தரை. ஈரத்தைக் கீழேயிருந்து உறிஞ்சிக் காலின் வெட்டுமுகத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பத்தாயத்தை முதலில் காலி செய்யுங்கள். காடியில் பலகை செருகிக் கட்டியதானால் ஒவ்வொரு பலகைக்கும் சாக்பீஸில் எண் போட்டுக் கழற்றிவிடலாம். கழற்ற முடியாததானால் கார் ஜாக்கியை ஒரு கனமான பலகையின் மேல் வைத்து, அடிச்சட்டத்தில் கொடுத்து, ஒரு மூலைக்கு 1 அங்குலம் என்று சுற்றிச் சுற்றித் தூக்க வேண்டும். ஒரே மூலையை 3 அங்குலம் தூக்கினால் மேல் மூட்டுகள் விடும்.

ஸ்க்ரூ டிரைவர் நுனியால் காலைக் குத்திக்கொண்டே மேலே போங்கள். எங்கே நுனி இறங்க மறுக்கிறதோ அதற்கு 1 அங்குலம் மேலே வெட்டு. புதுக்காலை நேராக முட்டவைத்து ஆணி அடிக்காமல், பழைய காலிலும் புதுத்துண்டிலும் பாதிப் பாதிக் கனம் எடுத்து, 4 அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சேர்க்க வேண்டும். இரண்டு பகுதி கலந்து கெட்டியாகும் எபாக்சிப் பசை இங்கே நல்லது, சிறு இடைவெளியையும் அது நிரப்பும். குறுக்கே 2 மூங்கில் ஆணி. ஒவ்வொரு காலுக்கடியிலும் 2 அங்குலக் கருங்கல், கல்லுக்கும் காலுக்கும் நடுவே ஈயத் தகடு அல்லது கெட்டி ரப்பர். சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி வையுங்கள், காற்று போகட்டும்.

கேள்வி: ஈட்டி மர மேஜைக்கு ஆனி மாசம் ஸ்பிரிட் பாலிஷ் போட்டேன். நானே செய்தேன். மேலே பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிட்டது. சுரண்டிவிட்டு பி.யு. (பாலியூரித்தேன் பூச்சு) அடிக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், செங்கோட்டை

பதில்: சாரல் விழும்போது பாலிஷ் போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிரும். காற்றில் உள்ள ஈரம் அங்கே படிந்து, பாலிஷில் உள்ள அரக்கோடு சிக்கிக்கொள்ளும். வெளுப்பு அதுதான். சுரண்ட ஒன்றுமில்லை. சாரல் ஓய்ந்து வெயில் அடிக்கும் நாளில், பஞ்சைப் பருத்தித் துணியில் பொதிந்து, 4, 5 சொட்டு ஸ்பிரிட் மட்டும் விட்டு, நிற்காமல் வேகமாக ஒரு வீச்சு. பஞ்சு ஓர் இடத்தில் நின்றால் அங்கே அரக்கு கரைந்து குழியாகிவிடும். சூடான டம்ளர் வைத்து விழுந்த வெள்ளை வளையத்துக்கும் இதேதான்.

அடுத்த முறைக்கு: 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் தகட்டு அரக்கு. கண்ணாடி பாட்டிலில் ஒரு ராத்திரி, நடுவில் 3, 4 தரம் குலுக்கி, வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். 6 மாசத்துக்கு மேல் ஆன கரைசல் வேண்டாம், எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது.

பி.யு. பற்றி எங்கள் கருத்து: புது டைனிங் டேபிளுக்குத் தாராளமாக அடியுங்கள். தாத்தா மேஜைக்கு வேண்டாம். அரக்கைப் பின்னால் ஸ்பிரிட்டால் எடுக்கலாம், கீறல் விழுந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரி செய்யலாம். பி.யு. போட்டால் அடுத்த பழுதுக்கு முழுக்க உரிக்க வேண்டியதுதான், உரிக்கும்போது மரத்தின் பழைய நிறமும் சேர்ந்து போகும். எந்தச் சாமானானாலும் மேலே என்ன பாலிஷ் இருக்கிறது என்று தெரியாவிட்டால், மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு நிமிஷம் வையுங்கள். ஒட்டினால் அரக்கு. ஒட்டாவிட்டால் தின்னரில் பாருங்கள். அதிலும் அசையாவிட்டால் பி.யு., மெலமைன் வகை.

கேள்வி: கொலுவில் வைக்கும் மரப்பாச்சி ஜோடியில் ஆண் பொம்மையின் பாதம் ஒரு துண்டு பிளந்துவிட்டது. துண்டு பத்திரமாக இருக்கிறது. பையன் ஃபெவிக்விக் போட்டு ஒட்டினான், நிற்கவில்லை. நவராத்திரிக்குள் ஆகுமா?
– வாசகி, கல்பாத்தி

பதில்: 2 நாள் வேலை. ஒரே ஓர் எச்சரிக்கை, அசல் செஞ்சந்தன மரப்பாச்சியை ஸ்பிரிட்டாலோ அசிட்டோனாலோ துடைக்காதீர்கள். அந்த மரத்தின் சிவப்பு ஸ்பிரிட்டில் கரைவது. துடைத்த இடம் வெளிறி, பக்கத்தில் திட்டுத்திட்டாகச் சாயம் இறங்கும். அதனால் பாலிஷும் வேண்டாம்.

காய்ந்த ஃபெவிக்விக்கைப் பிளேடின் முனையால், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பொறுமையாகப் பெயர்த்தெடுங்கள். மரத்தின் கிழிந்த நாரைத் தொடாதீர்கள். அந்த நார்கள்தான் துண்டு எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று சொல்பவை. பல்குச்சி நுனியில் வெள்ளைப் பசை தொட்டு ஒரு முகத்தில் மட்டும் தடவி, துண்டைப் பொருத்தி, ரப்பர் பேண்டைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். ஒரு பாத்திரத்தில் அரிசி நிரப்பி, பாதம் மேலே வர பொம்மையைத் தலைகீழாகப் புதைத்து வைத்தால் 24 மணி நேரமும் அசையாமல் நிற்கும். விளிம்பில் சின்னக் குழி தெரிந்தால் தேன்மெழுகை உருக்கி, காவிப் பொடி கலந்து, ஆறியதும் விரலால் அழுத்துங்கள்.

துண்டு தொலைந்துபோனவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். செஞ்சந்தனம் ஆந்திராவின் சேஷாசலம், பாலகொண்டா மலைகளில் வளர்வது, அதன் வியாபாரம் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ளது. ‘சின்னத் துண்டுதானே’ என்று யாரிடமும் ரகசியமாக வாங்காதீர்கள். பழைய ஈட்டி நாற்காலியின் உடைந்த சில் ஒன்றே போதும்.

பிறந்த குழந்தைக்கு இந்தப் பொம்மையை உரைத்துக் கொடுக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால், பசை பட்ட பிறகு அது நிச்சயம் கூடாது. கொலுப்படியோடு இருக்கட்டும்.

கேள்வி: ஆச்சி கொடுத்த நகைப்பெட்டி. கூரை மாதிரி மூடி, சுற்றிலும் பித்தளைப் பூண். வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்ப்போம். இப்போது பூணைச் சுற்றி மரம் கறுத்துவிட்டது, பச்சையும் பிடிக்கிறது. மூடியின் கீல் ஆணி நிற்கவில்லை, துளை பெரிசாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் இரும்புத் திருகாணி போட்டுத் தந்தான், அதைச் சுற்றியும் கறுப்பு.
– வாசகி, தக்கலை

பதில்: இரண்டு கறுப்புக்கும் புளிக்குத் தொடர்பு உண்டு. மரத்தில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. இரும்பு ஈரத்தோடு அதைத் தொட்டால் நீலக்கறுப்பாகும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. புளித்தண்ணீர் இரும்பை வேகமாகக் கரைத்துக் கொடுக்கிறது. பித்தளையின் விளிம்புக்கடியில் தங்கும் புளிதான் பச்சை பிடிக்க வைக்கிறது.

இரும்பாணியை முதலில் எடுங்கள். துருப்பிடித்துத் திரும்ப மறுத்தால் அடம்பிடிக்காதீர்கள், தலை உடைந்துவிடும். சூடான சால்டரிங் இரும்பின் முனையை ஆணித்தலையில் ஒன்றிரண்டு நிமிஷம் வைத்து எடுத்து, ஆறியதும் திருப்பினால் வரும்.

கறையைப் போக்க ஆக்சாலிக் அமிலம். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம், உங்களுக்கு 100 மில்லியே போதும், அதற்கு 5 கிராம். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரம், பஞ்சுக் குச்சி, கையுறை. கறையில் மட்டும் தொட்டு 10 நிமிஷம் விட்டு, சுத்தத் தண்ணீர்த் துணியால் 3 தரம் துடையுங்கள். தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு முறை. இது விஷம். காய்ந்தபின் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தூளை மூக்கில் இழுக்கக்கூடாது, அதனால் கழுவுவதில் குறை வைக்காதீர்கள். ஒரு நிபந்தனை: பெட்டியின் மேல் சிவப்பு அரக்குப் பூச்சு இருந்தால் வேண்டாம். தண்ணீரும் ஆகாது, ஸ்பிரிட் அதைவிட ஆகாது. கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

கீல் துளைக்கு மூங்கில் குச்சியைத் துளை அளவுக்குச் சீவி, பசை தொட்டு, தட்டி இறக்கி, காய்ந்ததும் மட்டமாக வெட்டுங்கள். ஆணியைவிட மெல்லிய துளை ஒன்றை நடுவில் போட்டு, அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை ஒரு முறை ஏற்றி இறக்குங்கள். அது மரை வெட்டிக் கொடுத்துவிடும். பிறகு பித்தளை ஆணியைச் சோப்பில் தடவி ஏற்றுங்கள். பித்தளை மிருதுவானது, முதலிலேயே அதை ஏற்றினால் பாதியில் கழுத்து முறியும்.

இனிமேல் பூணுக்குப் புளி வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். விளிம்பையொட்டி மரத்தின் மேல் தாள் ஒட்டிவிட்டு, சாக்பீஸ் பொடியை ஒரு சொட்டு ஸ்பிரிட்டில் குழைத்து மெல்லத் தேயுங்கள். ஸ்பிரிட் மரத்தைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையில் அந்தப் பெட்டிக்கு மங்கின பித்தளைதான் அழகு என்பது எங்கள் எண்ணம். ஆச்சி ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

கேள்வி: வீட்டு உத்திரத்துக்கு அடிக்கும் முந்திரித்தோட்டு எண்ணெயைப் பழைய கட்டிலுக்கும் அடிக்கலாமா? இல்லை, தேங்காய் எண்ணெயே போதுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தோட்டெண்ணெய் உத்திரத்துக்கும் வள்ளத்துக்கும் சரி. கட்டிலுக்குக் கூடாது. தோலில் பட்டால் கொப்பளிக்கும், மரம் கரிநிறமாகும், திரும்ப எடுக்க முடியாது. தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் உலராது. தூசு ஒட்டி, சிக்கு வாடை அடிக்கும். எண்ணெய்தான் வேண்டுமென்றால் ஆளிவிதை எண்ணெய்: மெல்லிசாகத் தடவி, 20 நிமிஷத்தில் மிச்சத்தைத் துடைத்து, 3 நாள் காயவிட்டு, மறுபடியும் ஒரு தரம். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துப் போடுங்கள்.

கேள்வி: அப்பாவின் சாய்வு நாற்காலி. கை நீண்ட வகை, பிரம்புப் பின்னல். உட்கார்ந்தால் ஆடுகிறது. மூட்டில் எப்போதோ ஆணி அடித்திருக்கிறார்கள். பிரம்பும் அறுந்துவிட்டது. எதை முதலில் செய்வது?
– வாசகர், கம்பம்

பதில்: மூட்டு முதலில். ஆடுகிற சட்டத்தில் புதுப்பிரம்பு பின்னினால் பிரம்பு காய்ந்து இறுகும்போது சட்டத்தையே கோணலாக்கும். ஆணியை மேலே சொன்னபடி சூடு வைத்து இளக்கி, குறடுக்கு அடியில் ஒரு மரச்சில் கொடுத்துப் பிடுங்குங்கள். கால், கை, குறுக்கு ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டி எண் எழுதி, ரப்பர் சுத்தியால் பிரியுங்கள். துளைக்குள் போகும் நாக்கு தேய்ந்து லொடலொடத்தால், அதே மரத்தின் மெல்லிய சீவலை இரு கன்னத்திலும் ஒட்டி, கையால் தள்ளினால் போகும் இறுக்கத்துக்கு இழையுங்கள். சுத்தியால் அடித்துத்தான் போகிறது என்றால் துளைச்சுவர் பிளக்கும்.

ஒட்டியதும் கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியை நுழைத்து முறுக்குங்கள். விறைப்பதற்குள் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் நீளமான பக்கத்தை அழுத்திச் சரி செய்ய அப்போதுதான் முடியும். சமதரையில் 4 காலும் படுகிறதா என்பதையும் அப்போதே. பிரம்பு ஒரு வாரம் கழித்து. பின்னுகிறவர் ஊறவைக்காத பிரம்பைக் கையில் எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய நெல் பறை. வெயில் காலத்தில் பித்தளை வளையம் கழன்று கழன்று விழுகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகும் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாமி.
– வாசகி, சித்தூர், பாலக்காடு

பதில்: இறுகும், ஒரு வாரத்துக்கு. உப்பின மரம் வளையத்துக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்பைவிடச் சின்னதாகிவிடும். அடுத்த வருஷம் இன்னும் லூசு. வளையத்தின் உட்பக்கம் மெல்லிய பருத்தித் துணிப்பட்டை ஒரு சுற்று கொடுத்து மேலே ஏற்றிவிடுங்கள். ஆணி அடிக்காதீர்கள். ஆனியில் மழை பிடித்ததும் ஒரு தரம் பாருங்கள், துணி தேவைப்படாது.